காசிமேட்டிலிருந்து முதல் முறை ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவருக்கு

காசிமேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 36. விசைப்படகில் போகிறவர், ஒரு தடவை கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் கரை. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்து குடியை விட்டிருக்கிறார், இரண்டு முறையும் மீன் விற்ற பங்குக் காசு கைக்கு வந்த அன்றே மறுபடி தொடங்கிவிட்டது. டாக்டர் ஏ.ஏ. மீட்டிங் (குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம்) போகச் சொன்னாராம். "எங்க நடக்குது, எவ்வளவு ஆகும், சர்ச்சுல நடக்குதுன்னா மதம் மாத்துவாங்களா, ஏரியாவுல தெரிஞ்சிடுமா? இல்லன்னா கடலுக்குப் போய் அங்கேயே நிறுத்திக்கலாமான்னு பாக்குறேன்" என்கிறார்.

முதலில் அந்தக் கடைசி யோசனையை விட்டுவிடுங்கள். தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால், ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிவார்கள். இது உயிரைக்கூட எடுக்கும். நடுக்கடலில் மருந்தும் இல்லை, டாக்டரும் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், மனநலப் பிரிவு ஓ.பி.யில் போய் எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்து கொடுத்து பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். கூட்டம் மருந்துக்கு மாற்று இல்லை, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

சரி, கூட்டம். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில் குடியை விட முடியாமல் தவித்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு பையோ தட்டோ சுற்றிவரும், இடத்து வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. யாராவது ஏ.ஏ. பெயரைச் சொல்லி அட்மிஷன், அட்வான்ஸ் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அது ஏ.ஏ. இல்லை.

இடம் கண்டுபிடிக்க, ஸ்டான்லியில் பார்க்கிற கவுன்சிலரிடமே கேளுங்கள், அல்லது போதை மீட்புக்கான அரசின் இலவச எண் 14446க்குப் பேசுங்கள். இணையத்தில் ஏ.ஏ. இந்தியா தளத்தைத் தேடி, அதில் இருக்கும் எண்ணிலும் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பழைய பட்டியலை நம்பிப் போகாதீர்கள், கிழமையும் இடமும் மாறியிருக்கும். பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: தமிழ்க் கூட்டமா, எத்தனை மணிக்கு, முதல் நாள் வாசலில் யாராவது நிற்பார்களா. இந்த மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கதவு வரை போய்த் திரும்பி வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், ஒரு ஆள் வாசலில் நின்றிருந்தால் உள்ளே போயிருப்பார்கள்.

சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடப்பதற்குக் காரணம் மாலையில் அங்கே இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கடவுள் என்ற சொல் வரும், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் என்று சேர்த்தேதான் சொல்வார்கள். உங்களுக்கு முருகன் என்றால் முருகன், எந்தச் சாமியும் இல்லை என்றாலும் உட்காரலாம்.

ஏரியாவில் தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் குடிப்பது தெருவுக்கு ஏற்கெனவே தெரியும், நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்பதுதான் இன்னும் தெரியாது. அப்புறம், அங்கே உங்களைப் பார்க்கிறவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான், கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது அங்கே முக்கியமான கட்டுப்பாடு. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் ஆரம்பத்தில் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி வேறு பக்கம் போய் வாருங்கள். முழுப்பெயர் சொல்ல வேண்டாம். பேச முடியாவிட்டால் "இன்னைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்றால் போதும், ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறு கூட்டமாவது, முடிந்தால் இரண்டு வேறு குழுக்களில், போய்ப் பாருங்கள். ஒரு குழு பிடிக்காமல் போகலாம், இன்னொன்றில் உங்கள் கதையையே யாரோ சொல்வார்.

உங்கள் தொழிலுக்கு நான் சொல்வது இதுதான். முதல் கூட்டத்திலேயே இரண்டு பேரிடம் போன் நம்பர் வாங்குங்கள். கடலுக்குப் போகும் முன் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், கரையில் டவர் கிடைத்ததும் முதல் போன் அவர்களுக்கு. பங்கு பிரிக்கிற நாள்தான் உங்களுக்கு ஆபத்தான நாள், அன்றைக்கே ஒரு கூட்டம் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், காசை வீட்டில் வாங்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வேலை இல்லாமல் கடை வாசலுக்குப் போகும் அந்த நாட்களில் தினம் ஒரு கூட்டம் போக முடியும், வருடத்தில் வேறெப்போதும் உங்களுக்கு அப்படி வாய்க்காது.

மறுபடி குடித்துவிட்டால்? திரும்பப் போங்கள். யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். குடித்த நிலையில் போனால் மட்டும் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் மனைவிக்கு ஒன்று. குடியை நிறுத்தும் மாத்திரை என்று விற்பதை உங்களுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி யாராவது யோசனை கொடுத்தால் கேட்கவே கூடாது. அதன்மேல் சரக்கு உள்ளே போனால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது, குடிக்கிறவர் வீட்டு ஆட்களுக்கானது, நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர் போகலாம்.