எதிரணிகளைவிட அதிகப் புள்ளிகள் எடுத்த ஒரு கல்லூரிக் கால்பந்து அணி, 12 ஆட்டங்களில் 9 ஆட்டங்களைத் தோற்பது எப்படிச் சாத்தியம்? அது வெறும் துரதிர்ஷ்டம்தானா?

நீங்கள் குறிப்பிடுவது 2021ஆம் ஆண்டின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) நான் பின்தொடரத் தொடங்கியதே இந்த அணியால்தான். ஆகவே இந்தப் பதிலில் நடுநிலையை முழுமையாக எதிர்பார்க்க வேண்டாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரதிர்ஷ்டம் உண்டு, ஆனால் அதன் பங்கு சிறியது. எஞ்சியது, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நிகழ்ந்த, திருத்தப்படாத கவனக்குறைவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்தப் பருவத்தில் நெப்ராஸ்கா எடுத்த புள்ளிகள் 335, விட்டுக்கொடுத்தவை 272. வென்ற மூன்று ஆட்டங்களும் ஒருதலைப்பட்சமானவை: ஃபோர்டமை 52–7, பஃபலோவை 28–3, நார்த்வெஸ்டர்னை 56–7 என்ற கணக்கில் வென்றது. இந்த மூன்றில் மட்டும் 119 புள்ளிகள் உபரியாகக் கிடைத்தன. தோற்ற ஒன்பது ஆட்டங்களின் வித்தியாசங்களையும் கூட்டினாலோ 56தான் வரும். ஒன்பதில் எந்தத் தோல்வியும் பத்துப் புள்ளிகளை எட்டவில்லை. ஒஹையோ ஸ்டேட்டிடம் 26–17 என்று தோற்றதுதான் மிகப் பெரிய தோல்வி. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் டச்டவுனும் அதற்குப் பிந்தைய இரண்டு புள்ளி முயற்சியும் சேர்ந்தால் எட்டுப் புள்ளி என்பதால், எட்டு வரையிலான வித்தியாசத்தை ஒரே தாக்குதலில் ஈடுகட்ட முடியும். அந்த அளவுகோலின்படி எஞ்சிய எட்டுத் தோல்விகளும் ஒரு தாக்குதல் தூரத்தில் நழுவியவை.

பேஸ்பாலுக்காகப் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸ் வகுத்த, பின்னர் கால்பந்துக்கும் மாற்றியமைக்கப்பட்ட சூத்திரம் ஒன்று உண்டு. எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் கொண்டு எத்தனை வெற்றிகள் கிடைத்திருக்க வேண்டும் என்று அது மதிப்பிடும். 335க்கு 272 என்பதை அதில் இட்டால் ஏறத்தாழ ஏழு வெற்றிகள் வருகின்றன. ஆறு வென்றாலே பருவ இறுதியின் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்துவிடும். நெப்ராஸ்காவுக்குக் கிடைத்ததோ மூன்று. எனினும் இந்தச் சூத்திரத்தை முழுமையாக நம்புவதற்கில்லை, ஏனெனில் ஃபோர்டம் ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த அணி. அதன் மீது குவித்த 45 புள்ளி உபரியை எடுத்துவிட்டால் படம் அவ்வளவு பிரகாசமாகத் தெரியாது. மறுபக்கம், அட்டவணையும் இரக்கமற்றது. மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட், ஓக்லஹோமா, அயோவா ஆகிய ஐந்து அணிகளும் அந்த ஆண்டு பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்களை வென்றன. நெப்ராஸ்காவிடமிருந்து வெற்றியைப் பறித்த ஒன்பது அணிகளில் தோல்விப் பருவம் கண்டது இல்லினாய் மட்டுமே, அதுவும் 5–7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி).

அந்த இல்லினாய் ஆட்டத்திலிருந்துதான் விளக்கத்தைத் தொடங்க வேண்டும். ஆகஸ்ட் 28 அன்று நடந்த முதல் ஆட்டம் அது. எதிரணி பந்தை ஒப்படைக்கத் தொலைவுக்கு உதைத்த பன்ட்டைத் தன் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் பிடித்த நெப்ராஸ்கா வீரர், பிடிபடும் தறுவாயில் பந்தை வீசியெறிந்தார். அது தன் எல்லைக்குள் செய்த தவறுக்கான சேஃப்டியாகி எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் போயின. முதல் பாதி முடியும் வேளையில் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்டினெஸ் நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடி இல்லினாய் டச்டவுன் போட்டது. டச்டவுனுக்குப் பிந்தைய எளிய உதைகளில் இரண்டு தவறின. முடிவு 30–22. மேற்சொன்னவற்றின் விலையைக் கூட்டிப் பாருங்கள்: இரண்டு, ஏழு, இரண்டு என்று பதினொன்று வருகிறது, தோல்வியின் அளவு எட்டுதான்.

மூன்று வாரம் கழித்து ஓக்லஹோமாவுடன் 23–16. அதில் நெப்ராஸ்காவின் கூடுதல் புள்ளி உதை தடுக்கப்பட்டது மட்டுமல்லாமல், அந்தப் பந்தை எதிரணி மறுமுனை வரை கொண்டு சென்று இரண்டு புள்ளிகளும் பெற்றது. அதற்கடுத்த வாரம் மிச்சிகன் ஸ்டேட்டுடன் நடந்த ஆட்டத்தை இன்றும் என்னால் பொறுமையாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் பாதியில் எதிரணியை ஒரு முதல் டவுன்கூட, அதாவது பத்து கஜ முன்னேற்றம்கூட, எடுக்கவிடாமல் தற்காப்பு வீரர்கள் முடக்கியிருந்தார்கள். 20–13 என்று நெப்ராஸ்கா முன்னிலையில் இருந்தது. அந்நிலையில் ஒரு பக்கம் உதைக்க வேண்டிய பன்ட் மறுபக்கம் சென்றது. தற்காப்பு அரண் முழுவதும் திட்டமிட்ட பக்கமே ஓடியிருந்ததால் எதிரணியின் ஜேடன் ரீட் தடையின்றி ஓடி டச்டவுன் போட்டார். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் 23–20 என்று முடிந்தது. மிச்சிகனுடன் 29–29 என்று சமநிலையில் இருந்தபோது மார்டினெஸ் பந்தை இழக்க, எதிரணியின் ஒரு ஃபீல்டு கோல் (மூன்று புள்ளி உதை) ஆட்டத்தைத் தீர்மானித்தது. கடைசி ஆட்டத்தில் அயோவாவுக்கு எதிராக 21–6 என்று முன்னிலை பெற்ற பின், ஒரு பன்ட் தடுக்கப்பட்டு டச்டவுனாக, ஒரு சேஃப்டியும் சேர, எதிரணி தொடர்ச்சியாக 22 புள்ளிகள் எடுத்து 28–21 என்று வென்றது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஸ்பெஷல் டீம்ஸ் எனப்படும் உதைப் பிரிவின் சறுக்கல்கள் அல்லது குவார்ட்டர்பேக் இழந்த பந்துகள். ஓட்டையுள்ள குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது என்பதுபோல, மற்ற பிரிவுகள் நன்றாக ஆடியும் பயனில்லாமல் போயிற்று. நழுவிய பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதிர்ஷ்டம்தான். அதை யார் கைப்பற்றுவார்கள் என்பதையும் அதில் சேர்க்கலாம். பன்ட்டை எந்தப் பக்கம் உதைப்பது, எல்லைக்கோட்டருகே பந்தைத் தொடலாமா வேண்டாமா என்பவை பயிற்சியில் தீர்மானிக்கப்படுபவை.

துரதிர்ஷ்ட வாதத்தை முன்வைத்தவர்கள் அன்று ஏராளம், அவர்கள் அறிவற்றவர்களும் அல்லர். நெருக்கமான ஆட்டங்களின் முடிவுகள் காலப்போக்கில் பாதிக்குப் பாதியாகச் சமப்படும், எனவே அடுத்த ஆண்டு தானாகவே நிலைமை சீராகும் என்றார்கள். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இயக்குநர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸும் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டைத் தக்கவைத்தார். 1997இல் தேசியப் பட்டம் வென்ற நெப்ராஸ்கா அணியின் குவார்ட்டர்பேக் ஃப்ராஸ்ட். 2017இல் மத்திய ஃப்ளோரிடா அணியை 13–0 என்று வழிநடத்திவிட்டு ஊர் திரும்பிய மண்ணின் மைந்தர். அவரை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது, எனக்கும் வரவில்லை. தாக்குதல் பிரிவின் நான்கு துணைப் பயிற்சியாளர்கள் நீக்கப்பட்டார்கள், ஃப்ராஸ்டின் ஊதியம் குறைக்கப்பட்டது, உதைப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வந்தார்.

2022இன் முதல் ஆட்டம் டப்ளினில் நடந்தது. நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28–17 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தைத் தானே திரும்பக் கைப்பற்றக் குறுகிய தூரம் உதைக்கும், அவசியமே இல்லாத ஒரு ஆன்சைடு உதைக்கு ஃப்ராஸ்ட் உத்தரவிட்டார். அது கைகூடவில்லை, ஆட்டம் 31–28 என்று கைவிட்டுப் போயிற்று. நார்த்வெஸ்டர்ன் அந்தப் பருவம் முழுவதிலும் வென்ற ஒரே ஆட்டம் அதுதான். இரண்டு வாரத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45–42 என்று தோற்றதும் அவர் நீக்கப்பட்டார். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் இழப்பீடு ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். அதற்குக்கூடப் பல்கலைக்கழகம் பொறுக்கவில்லை. ஒரு தாக்குதல் தூரத்தில் முடிவான ஆட்டங்களில் அவருடைய கணக்கு 5–22. நாணயம் சுண்டி 27 ஆட்டங்களை முடிவு செய்தால், ஐந்து அல்லது அதற்கும் குறைவாக வெல்வதற்கு ஏறத்தாழ 1,300இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட அணிகளில் யாரேனும் ஒருவருக்கு அப்படி நேரலாம் என்று வாதிடலாம்தான், ஆனால் ஆட்டங்களைப் பார்த்தவர்களிடம் அந்த வாதம் எடுபடாது.

இங்கே என் சொந்த வாதத்துக்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சியாளர் மாறிய பிறகும் நோய் முழுதாகத் தீரவில்லை. புதிய பயிற்சியாளர் மேட் ரூலின் முதல் பருவமான 2023இல் அணி 5–7 என்று முடித்தது. பவுல் தகுதிக்கு ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்ட நிலையில் கடைசி நான்கு ஆட்டங்களையும் தோற்றது. அவை மிச்சிகன் ஸ்டேட்டிடம் 20–17, மேரிலாந்திடம் 13–10, விஸ்கான்சினிடம் கூடுதல் நேரத்தில் 24–17, அயோவாவிடம் 13–10. ஆகவே ஒரே மனிதர் மீது பழியைப் போடுவதும் சரியாகாது. பந்தைப் பாதுகாக்கும் பழக்கம் ஓர் அணியிலிருந்து போய்விட்டால், அதைத் திரும்பக் கொண்டுவர ஆள்மாற்றம் மட்டும் போதவில்லை.

2024இல் அணி 7–6 என்று முடித்து, 2016க்குப் பிறகு முதல் முறையாகப் பவுல் ஆட்டம் ஆடி, நியூயார்க்கில் பாஸ்டன் கல்லூரியை 20–15 என்று வென்றது. அந்தப் பருவத்தின் ஆறு தோல்விகளில் ஐந்து ஒரு தாக்குதல் தூரத்தில் அமைந்தவை, அயோவாவிடம் மறுபடியும் அதே 13–10.