போக்ராவில் இரண்டு மாதத் தொண்டு: குழந்தைகள் இல்லமா, பள்ளியா?

வணக்கம். நேபாளத்தின் போக்ராவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இரண்டு மாதம் தொண்டு, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கல், அதற்கு ஏஜென்சி பணம் கேட்கிறது, கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லம் என்றால் வேண்டாம். நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடுதான் இருக்கிறார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று ஆசை காட்டித் தரகர்கள் மலைக் கிராமங்களிலிருந்து கூட்டி வருவதுண்டு. வெளிநாட்டுப் பணம் வரும்வரை அந்த வியாபாரம் ஓடும். ஆஸ்திரேலியா 2018-இலேயே இதை நவீன அடிமைத்தனத்தில் சேர்த்துவிட்டது. போதாததற்கு, ஒரு அக்கா வந்து ஒட்டிக்கொண்டு அப்புறம் காணாமல் போவதை அந்தப் பிள்ளைகள் எத்தனை தடவைதான் தாங்கும்?

பள்ளி ஒன்றில் உள்ளூர் ஆசிரியருக்கு உதவியாகப் போங்கள். உங்களிடம் காவல்துறைச் சான்றுகூடக் கேட்காத இடம் என்றால் சந்தேகப்படுங்கள். கட்டணத்தில் வீட்டுக்காரர்களுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

சைவச் சாப்பாடு பிரச்சினையே இல்லை. விடிந்ததும் டீ, பத்து மணி வாக்கில் சோறு, பருப்பு, காய், ராத்திரியும் அதேதான். இட்லி நினைப்பை மூட்டை கட்டிவிடுங்கள். எச்சில் பார்ப்பார்கள், நம் பாட்டி வீடு மாதிரியேதான். உங்கள் தட்டில் பட்ட கரண்டியைப் பாத்திரத்தில் போடாதீர்கள், சமையலறைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும், ஆதாரை ஏற்க மாட்டார்கள்.