விரலால் தட்டினால் விபத்து பயம் போகுமா?

கேள்வி: காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். போன வருஷம் கிரீன் சர்க்கிள் பக்கம் ஸ்கூட்டியில் போன என் மனைவி, லாரி உரசிக் கீழே விழுந்தாள். காயம் ஆறிவிட்டது. ஆனால் ஹாரன் சத்தம் கேட்டாலே வியர்த்துக் கொட்டுகிறது, ராத்திரியில் அலறி எழுகிறாள். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். விரலால் தட்டும் 'டாப்பிங்' வகுப்புக்குப் போனால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். நம்பலாமா?

பதில்: தாராளமாகத் தட்டிப் பார்க்கட்டும், ஐயா. ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் படபடப்பு முன்பைவிட அதிகமாகும்.

1990களில் அமெரிக்காவின் கேரி கிரேக் பரப்பிய முறை இது. பயத்தை நினைத்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். சுண்டுவிரலுக்குக் கீழே கையின் ஓரத்தைத் தட்டியபடி, "பயம் இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம் புருவத்தின் உள்முனை, கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில், மோவாய், காறை எலும்பு, அக்குளுக்குக் கீழே, உச்சந்தலை என்று மெதுவாகத் தட்டிக்கொண்டே போய், மறுபடி மதிப்பெண் போட வேண்டும்.

பலன் உண்டா? 2013இல் வெளிவந்த ஆய்வில், போரில் மனம் பாதித்த 59 அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் கலந்துகொண்டார்கள். ஆறு அமர்வு முடித்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டன. பெரிய விஷயம்தான். ஆனால் ஆய்வை முன்னின்று நடத்தியவரே இந்த முறையைக் கற்றுத்தருபவர். ஒப்பிட்டது வேறொரு நல்ல சிகிச்சையோடு அல்ல, இந்தச் சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களோடு. அதனால் அந்த 90ஐ அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது 2003இல் கனடாவில் 119 மாணவர்களிடம் நடந்த ஆய்வு. ஒரு குழு முறைப்படி தட்டியது, ஒரு குழு சம்பந்தமில்லாத இடங்களில் தட்டியது, இன்னொன்று பொம்மையைத் தட்டியது. மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது; ஒன்றும் செய்யாத குழுவுக்குக் குறையவில்லை. அப்படியானால் வேலை செய்வது குறிப்பிட்ட புள்ளியோ, அதன் வழியே உடம்பில் ஓடுவதாக இந்த முறைக்காரர்கள் சொல்லும் சக்தியோ அல்ல என்றே நினைக்கிறேன். பயத்தை விட்டு ஓடாமல், அதை நினைத்தபடியே உடம்பை நிதானப்படுத்துவதுதான் பலன் தருகிறது.

ஆகவே சாலையைப் பார்த்துப் படபடக்கும் நேரத்தில் வீட்டிலேயே தட்டட்டும், காசு செலவில்லை. விபத்துக் காட்சியை முழுசாக நினைவுக்குக் கொண்டுவருவதை மட்டும் தனியாகச் செய்ய வேண்டாம். பயம் கட்டுமீறிப் போகலாம். அதற்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர் கூட இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையப்படுத்திய சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும், கண்ணசைவோடு செய்யும் இஎம்டிஆரும். பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்திலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ இவை கிடைக்குமா என்று கேளுங்கள். தட்டுவதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"இருந்து என்ன பயன்" என்பது போல உங்கள் மனைவி பேசினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் இலவச எண். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.