கொடைக்கானல் ஏரியை நாலு சுற்று ஓட முடியுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. வங்கி வேலை. தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். 10 கி.மீ. வரை நிற்காமல் ஓடிவிடுவேன். ஜனவரியில் தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்து கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சின்னதாக ஒரு அரை மராத்தான் நடத்துகிறார்கள். நூறு பேர்கூட வர மாட்டார்களாம். ஆசையில் பெயர் கொடுத்துவிட்டேன், இப்போது பயமாக இருக்கிறது. மலையில் மூச்சு வாங்குமா? கடைசியாக வந்தால் அசிங்கமில்லையா? பி.பி. மாத்திரை வேறு சாப்பிடுகிறேன். கணவர், "முட்டி தேஞ்சு போயிடும், பேசாம இரு" என்கிறார். இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: மூச்சு வாங்கும். அதில் சந்தேகமே வேண்டாம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். பயப்பட வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும். மதுரையில் ஒரு கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடுகிறீர்கள் என்றால் அங்கே ஏழரை, எட்டு ஆகட்டும். கையிலிருக்கும் வாட்ச்சைப் பார்த்து ஓடாதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். இரண்டாம் சுற்று முடியும்வரை இதை மீற வேண்டாம்.

ஆனால் முதலில் டாக்டரிடம் போங்கள். 21 கிலோமீட்டர், மலை, குளிர் என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். சில பி.பி. மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிப்பவை. சில, இதயத்துடிப்பை ஏறவிடாதவை. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் தண்ணீர்க் கணக்கும் போட முடியாது, துடிப்புக் கணக்கும் போட முடியாது. பந்தயத்தன்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. முட்டி விஷயத்தில் கணவர் சொல்வது ஊரெல்லாம் சொல்வதுதான். உடற்பயிற்சிக்காக அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே வலி இருந்தால் கதை வேறு. நீங்கள் அப்படி எழுதவில்லை.

பன்னிரண்டு வாரம் தாராளம். ஞாயிறு நெடுஓட்டத்தை மட்டும் 10-லிருந்து 12, 13 என்று மெல்லக் கூட்டி, 18-ஐத் தொட்டால் போதும். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் இறக்குங்கள். கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைத்துவிடுங்கள், கை பரபரத்தாலும். தெப்பக்குளத்தில் ஒரே பக்கமாகச் சுற்றாமல் ஒருநாள் இடம், ஒருநாள் வலம் என்று மாற்றுங்கள். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் வேலை கூடும். மாதம் இரண்டு முறை அழகர்கோவில் போய், அடிவாரத்திலிருந்து பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில் ஏற்றத்தில் ஓடிப் பழகுங்கள். உயரத்துக்கு அது ஈடாகாது. ஆனால் மூச்சு முட்டும்போது பதறாமல் வேகத்தைக் குறைக்கிற பழக்கம் அங்கேதான் வரும். பையில் வாழைப்பழம் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள், குரங்குகள் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இனி அந்த ஏரி. 1863-ல் அதை உருவாக்கிய லெவிஞ்ச் உங்கள் மதுரையில் கலெக்டராக இருந்தவர்தான். நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்து கிடக்கும் ஏரி அது. சுற்றுச் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நாலு சுற்றும் கொசுறும் ஓடினால் அரை மராத்தானின் 21.1 கணக்கு சரியாகிவிடும். முன்னால் போகிறவர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் தெரிவார். எட்டிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். சாலையோ ஏரியின் கைக்குள் ஒரு வளைவு போய்த்தான் அங்கே வரும், அவர் உண்மையில் அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். இந்த ஏமாற்றில்தான் முதல் சுற்றிலேயே பலர் வேகத்தைச் செலவழித்துவிடுவார்கள். கொடுத்துவைத்திருந்தால் மஞ்சு இறங்கியிருக்கும், யாரும் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள்.

அடுத்த ஆபத்து மூன்றாம் சுற்று. போட் கிளப் பக்கம் டீயும் சுடச்சுட பஜ்ஜியும் மணக்கும், தங்கியிருக்கும் அறையும் பக்கத்திலேயே இருக்கும். நேர்ச்சாலைப் பந்தயத்தில் பாதியில் விட்டாலும் திரும்பி வந்தாக வேண்டும். சுற்றுப் பந்தயத்தில் அந்தக் கஷ்டம்கூட இல்லை, சும்மா நின்றாலே போதும். அதனால் மூன்றாம் சுற்று முடிகிற இடத்தில் நிற்பதில்லை என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நடக்க வேண்டுமானால் அந்த இடத்தைத் தாண்டிப் போய் நடங்கள்.

கடைசியாக வருவது பற்றி: நூறு பேருக்குள் ஓடும் பந்தயத்தில் பின்பாதி முழுக்க நீங்கள் தனியாகத்தான் ஓடுவீர்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆயிரக்கணக்கானோர் இடித்துக்கொள்ளும் நகரப் பந்தயங்களில் ஏரியைப் பார்க்கவா முடியும்? அசிங்கம் என்பதை விடுங்கள். நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை மணி நேரம்வரை காத்திருப்பார்கள், தண்ணீர் எத்தனை இடத்தில், முதலுதவிக்கு யார். மூன்றரை மணி நேரம் தருவார்கள் என்றால் நிம்மதியாகப் போங்கள். சாலையை அடைக்க மாட்டார்கள் என்றால், விடிந்த பிறகு வாடகை சைக்கிளும் குதிரையும் கூடவே வரும், குதிரை போட்டுவிட்டுப் போனதும் கிடக்கும். ஓரமாகப் பார்த்து ஓடுங்கள்.

முந்தின நாள் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வத்தலக்குண்டு தாண்டி வளைவுகளில் குடல் புரட்டினால் அன்று ராத்திரி சாப்பாடே இறங்காது. சொந்தக் காரென்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். ஜனவரி விடியலில் பல்லைக் கிட்டும். கழற்றிக் கொடுக்க ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் ஈர பனியனோடு நிற்காதீர்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் சுற்றுக்கு ஒருமுறை நாலைந்து வாய் குடியுங்கள். குடம் குடமாகவும் வேண்டாம், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் அதுவும் ஆபத்து. தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே வரட்டும், மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கெடுபிடி.

கணவரையும் கூட்டிப்போங்கள். போட் கிளப் அருகே ஸ்வெட்டரையும் கடலை மிட்டாயையும் பாட்டிலையும் வைத்துக்கொண்டு நிற்கட்டும். ஒரே நிபந்தனை: மூன்றாம் சுற்றில் உங்களைப் பார்த்ததும் "போதும்மா, வந்துடு" என்று சொல்லக் கூடாது.