மெக்சிகோ பீர்: லேபிள் பதினைந்து, கம்பெனி இரண்டு

கேள்வி: நவம்பர் கடைசியில் பத்து நாள் மெக்சிகோ போகிறேன். முதலில் மெக்சிகோ சிட்டி, கடைசியில் கான்கூன். விதவிதமான பீர் ருசித்துப் பார்க்க ஆசை. கான்கூனில் ஒரே மாலையில் பதினைந்து மெக்சிகன் பீர் என்று ஒரு ஏஜென்ட் டாலரில் பேக்கேஜ் சொல்லி முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்தப் பதினைந்தில் என்னென்ன இருக்கும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். கொரோனா, மொடேலோ எஸ்பெசியல், நெக்ரா மொடேலோ, விக்டோரியா, பசிஃபிகோ, லெயோன், மொந்தேஹோ எல்லாம் மொடேலோ என்கிற ஒரே கம்பெனி. அந்த மொடேலோவை 2013-ல் பெல்ஜியத்தின் ஏபி இன்பெவ் வாங்கிவிட்டது. தெகாத்தே, சோல், தோஸ் எக்கிஸ், இந்தியோ, பொஹேமியா, கார்த்தா பிளாங்கா இன்னொரு கம்பெனி, அது 2010-லிருந்து நெதர்லாந்தின் ஹைனகெனிடம். இவற்றில் பாதிக்கு மேல் லாகர் என்கிற வெளிர் மஞ்சள் ரகம்தான், கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் சோல் எது, கொரோனா எது என்று சொல்ல நானே தடுமாறுவேன். இதற்கா டாலர்?

நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளிர் ரகத்தில் ஒன்று போதும். அப்புறம் விக்டோரியா, தோஸ் எக்கிஸ் ஆம்பர், நெக்ரா மொடேலோ. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வியன்னா பாணியின் வழி வந்தவை இவை, வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசம் லேசாக இருக்கும். கான்கூன் பக்கம் லெயோன் கேளுங்கள், அது யுகத்தான் பகுதியின் பீர்.

கடைக்குப் போகும்போது பெயர்ப்பலகையைப் பாருங்கள். மொடேலோராமா என்றால் மொடேலோ சரக்கு, சிக்ஸ் என்றால் ஹைனகென் சரக்கு. ஆக்ஸோ என்கிற சங்கிலிக் கடைகளில் 2019 வரை ஹைனகென் பக்கம் மட்டும்தான், அதன் பிறகுதான் மொடேலோவும் வந்தது. உணவகங்களிலும் இதே கதை: ஃப்ரிட்ஜ், மேசை, குடை எல்லாம் கம்பெனி கொடுக்கும், பதிலுக்கு அவர்கள் பீரை மட்டும் விற்க வேண்டும். 2013-ல் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் மெக்சிகோ அரசு ஆணையம் தலையிட்டு, இப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒரு கம்பெனி பீர் கொடுக்கும் கடைகளில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, பிறகு ஐந்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்றது. சரி, ஆணை வந்தது, ஆனால் கடற்கரை ஓரத்தில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் மெனுவில் அதே ஆறு பெயர்.

நிஜமான வித்தியாசம் வேண்டுமென்றால் செர்வேசா ஆர்ட்டெசனால் என்று கேளுங்கள், சிறு ஆலைகளின் பீர். எல்லையோர தீஹுவானாவின் இன்சுர்ஹெந்தே, என்செனாதாவின் அகுவா மாலா, குவாதலஹாரா பக்கத்து மினெர்வா, இவற்றுக்காக அந்த ஊர்களுக்கே போக வேண்டாம், மெக்சிகோ சிட்டியில் ரோமா, கோந்தேசா பகுதிகளில் உள்ள பார்களில் தேடுங்கள். விலை அதிகம்தான். அங்கே பீருக்கு வரி அளவைப் பார்த்து இல்லை, விலையில் 26.5 சதவீதம், அதன் மேல் விற்பனை வரி வேறு. லட்சக்கணக்கில் தயாரித்து மலிவாக விற்கிற பெரிய கம்பெனிக்கு ஒரு பாட்டிலுக்கு வரி குறைவு, கொஞ்சமாகத் தயாரிக்கிற சின்ன ஆலைக்கு அதே பாட்டிலுக்கு வரி அதிகம். எத்தனை வருடமாகக் கத்துகிறார்கள், யார் கேட்கிறார்கள்! லேபிளில் கைவினை மாதிரி படம் போட்டதெல்லாம் சிறு ஆலையும் இல்லை. மெக்சிகாலியில் சின்னதாகத் தொடங்கிய குகாப்பா இப்போது மொடேலோவின் கையில்.

பெரிய கம்பெனிகளின் பீர் பெரும்பாலும் ஒரே மாதிரி என்றேன், அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நீங்கள் போகிற மாதமே அதற்குப் பொருந்துகிறது. நோச்சே புவேனா. கிறிஸ்துமஸ் முந்தின இரவுக்கு ஸ்பானிய மொழியில் அதுதான் பெயர், அந்தச் சமயத்தில் பூக்கிற செம்பூவுக்கும் மெக்சிகோவில் அதே பெயர். இந்த பீர் வருடக் கடைசியில் மட்டும் வரும், பாக் என்கிற கனமான ஜெர்மன் பாணி, செம்பழுப்பு நிறம், கருகின சர்க்கரை மாதிரி ஒரு இனிப்பு, ஆல்கஹாலும் மற்றதைவிடக் கூடுதல். ஹைனகென் சரக்கு, அதனால் மொடேலோராமாவில் தேடாதீர்கள், சிக்ஸிலும் பெரிய சூப்பர்மார்க்கெட்டிலும் பாருங்கள். பண்டிகை நெருங்க நெருங்கத் தேட வேண்டியிருக்கும், இறங்கிய முதல் நாளே வாங்கி வையுங்கள். ஐஸ் மாதிரி குளிர வைக்காதீர்கள், ருசியே தெரியாது. எலுமிச்சையும் வேண்டாம்.

மிச்செலாதா என்று எலுமிச்சை, உப்பு, காரச் சாறு கலந்து தருவார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் பீரை ருசி பார்க்கிற அன்றைக்கு அது கடைசியில் வரட்டும்.

கான்கூனில் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுப்பவர்கள், பார் நான் காட்டுகிறேன் என்கிற டாக்ஸிக்காரர்கள், இவர்களுக்குக் கடையில் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். என்னை அப்படிக் கூட்டிப்போன ஓரிடத்தில் கேட்காத ஒரு பக்கெட் பீர் மேசைக்கு வந்து, பில்லிலும் வந்தது. உட்காரும் முன் பெசோவில் எழுதிய விலைப்பட்டியலைக் கேளுங்கள். டிப்ஸ் சட்டப்படி உங்கள் விருப்பம், பில்லில் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். கடையில் ககுவாமா என்கிற பெரிய பாட்டில் வாங்கினால் பாட்டிலுக்குத் தனியாக டெபாசிட் கேட்பார்கள், அது ஏமாற்று இல்லை, பில்லை வைத்திருந்து அதே கடையில் காலி பாட்டிலைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் நின்று குடிக்காதீர்கள், போலீஸ் பிடிக்கும்.