குரல் நின்ற பிறகு தொடங்கிய கை கழுவல்

கேள்வி: மகனுக்கு வயது 24. மனச்சிதைவு நோய்க்குப் பத்து மாதமாகக் குளோசபின் குளிசை குடிக்கிறான், இப்போது நாளுக்கு 350 மில்லிகிராம். குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் மூன்று மாதமாகக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனால் முக்கால் மணித்தியாலம். இரவில் படலைப் பூட்டை இருபது தரம் இழுத்துப் பார்க்கிறான். பழைய வருத்தம் திரும்புகிறதா? கொழும்பிலுள்ள என் தம்பி, ‘இது ஓசிடி, ஃபுளுவொக்சமின் வாங்கிக் கொடுங்கோ’ என்கிறான். கொடுக்கலாமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. ஓசிடி என்பது வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, கழுவல், பூட்டுப் பார்த்தல் போன்ற ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வருத்தம். ஃபுளுவொக்சமின் அதற்கு நல்ல மருந்துதான். ஆனால் குளோசபினை உடைக்கும் ஈரல் நொதியை அது தடுத்துவிடும். மகன் அதே 350 மில்லிகிராமைக் குடித்தாலும் இரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறி, வலிப்பு வரை கொண்டுபோகலாம். குளோசபினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குரல்கள் கடுமையாகத் திரும்பக்கூடும். 48 மணித்தியாலத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவைக் கொடுக்காமல் வைத்தியரிடம் போங்கள். 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்பவும் படிப்படியாக ஏற்றவேண்டி வரும்.

பழைய வருத்தமா என்று அறிய, ஆறுதலாக இருக்கும் நேரத்தில் அவரிடமே ஏன் கழுவுகிறார் என்று கேளுங்கள். ‘தேவையில்லாத நினைப்பெண்டு தெரியும், ஆனா கழுவாட்டி இருக்கேலாது’ என்றால் ஓசிடியின் சாயல். ‘வாளித் தண்ணிக்குள்ள நஞ்சு போடினம்’, ‘கழுவு எண்டு ஆரோ சொல்லினம்’ என்றால் மனச்சிதைவு இன்னும் அடங்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இந்தப் பதிலை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. தன் பயத்தை முழு உண்மையென்றே நம்பும் ஓசிடி நோயாளரும் உண்டு.

இரண்டும் ஒருவருக்கே வரலாம். மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு ஓசிடியும் இருக்கிறது. அதைவிட, குளோசபினே சிலரில் இப்படிப்பட்ட எண்ணங்களைக் கிளப்பிவிடும், அதுவும் தொடங்கிப் பல மாதம் கழித்து. அதனால் உங்கள் வீட்டுக் கதையில் திகதிகள்தான் முக்கியம். குளோசபின் தொடங்கிய நாள், அளவு கூட்டிய நாட்கள், கழுவல் தொடங்கிய மாதம், நாளுக்கு எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். பள்ளிக்கூடக் காலத்திலேயே இப்படிக் கழுவினாரா என்பதையும் எழுதுங்கள். அப்படியென்றால் மருந்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

வைத்தியர் குளோசபினைச் சற்றுக் குறைக்கலாம், அரிப்பிபிரசோல் என்ற இன்னொரு மனச்சிதைவு மருந்தைச் சேர்க்கலாம், அல்லது செர்ட்ரலின் போன்ற ஓசிடி மருந்து ஒன்றை அவதானமாகத் தொடங்கலாம். செர்ட்ரலின் ஓசிடியில் வேலை செய்ய 10 முதல் 12 கிழமை எடுக்கும்; இரண்டு கிழமையில் மனம் விட்டுவிடாதீர்கள். மகன் சிகரெட் பிடிப்பவரென்றால் அதையும் சொல்லுங்கள். சிகரெட்டைத் திடீரென விட்டாலும் குளோசபின் அளவு இரத்தத்தில் ஏறும்.

வீட்டில், ‘படலை பூட்டியிருக்கோ?’ என்று கேட்டால் ஒருமுறை மட்டும் ‘ஓம்’ என்று சொல்லுங்கள். அவருக்காக நீங்கள் போய் இழுத்துப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு உறுதிமொழியும் அடுத்த கேள்விக்குத் தீனி. ஏசவும் வேண்டாம், பதற்றம் தானாக இறங்கும்வரை பக்கத்தில் இருங்கள். கழுவாமல் இருந்து பழக்கும் பயிற்சியை வைத்தியர் சொன்ன பிறகே தொடங்குங்கள்.

காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், குளோசபின் குடிப்பவர் என்று சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். இரவில் மனநலம் பற்றி ஆலோசனை தேவைப்பட்டால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926-ஐ அழையுங்கள்.