குரங்கணி இருக்கட்டும், முதல்ல சமணர் மலை ஏறுங்க

வணக்கம்ங்க. 46 வயசு, நாள் பூரா உட்கார்ந்து பார்க்கிற வேலை, மூணு நாள் லீவுல நேரா தேனி மாவட்டத்துக் குரங்கணிக்கு மலையேற்றம் போகலாமானு கேட்டிருந்தீங்க.

சாகசப் பயணம்னா உயிரைப் பணயம் வைக்கிறது இல்லைங்க. உடம்பு உழைக்கணும், இயற்கைக்குள்ள போகணும், அந்த ஊரைத் தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்.

அதுக்கு மதுரை பக்கத்துலயே கீழக்குயில்குடியில சமணர் மலை இருக்கு. விடிஞ்சதும் போயிடுங்க. அடிவாரத்துல அய்யனார் கோயில், தாமரைக் குளம். பாறையில வெட்டின படியில ஏறினா பேச்சிப்பள்ளம்ங்கிற இடம் வரும். சுனைக்கு மேல வரிசையா சமணர்கள் வணங்குற தீர்த்தங்கரர் சிற்பங்கள், அதுக்குக் கீழ வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்துல கல்வெட்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின உளி வேலை, கண்ணுக்கு நேரா நிக்கும். கை மட்டும் வச்சுடாதீங்க. வெயில் ஏறினா பாறை கொதிக்கும், அதுக்குள்ள இறங்கிடணும்.

குரங்கணியில 2018 மார்ச் காட்டுத்தீயில மலையேறப் போன இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. இன்னும் மனசு ஆறலை. கோடையில காய்ஞ்ச புல்லு நிமிஷத்துல பத்திக்கும். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாம யார் கூப்பிட்டாலும் தயவுசெஞ்சு போயிடாதீங்க.

சமணர் மலை இறங்கின மறுநாள் முழங்கால் எப்படி இருக்குனு எழுதுங்க. அதைப் பார்த்துட்டு அடுத்த மலையைச் சொல்றேன்.